முக்கால் பக்கத்து மனிதர்

ஹூகோ பிரெல் முக்கால் பக்கம் நிரப்புவதற்காகப் பிறந்தவர்.

அது 1994. வாதாயனம் பிலிம் சொசைட்டியில் மாதம் ஒரு படம் போடுவார்கள். படம் தொடங்கும் முன் உறுப்பினர்களுக்கு ஒரு தாள் கொடுப்பார்கள். இரண்டு பக்கமும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து போட்டோஸ்டாட் எடுத்த தாள். படத்தைப் பற்றிய குறிப்பு. எழுதுபவர் சுந்தரராமன். திருவனந்தபுரம் கோட்டைக்குள் அக்ரகாரத் தெருவில் வீடு. அரசுக் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் உத்தியோகம்.

குறிப்பு எழுதும்போது படம் ஊர் வந்து சேர்ந்திருக்காது. படப்பெட்டி காட்சியன்று காலை ரயிலில் வரும். மறுநாள் காலை ரயிலில் போய்விடும். ஆகவே சுந்தரராமன் தான் பார்க்காத படங்களைப் பற்றியே பதினெட்டு வருடமாக எழுதிவந்தார். யாரும் இதைக் குறையாக எண்ணவில்லை. பார்த்துவிட்டு எழுதுவதைவிட இது கஷ்டம் என்றே எண்ணினார்கள். பப்ளிக் லைப்ரரியில் புத்தகங்கள் இருந்தன. பெரிய இயக்குநர் என்றால் அவரைப் பற்றிப் பத்துப் பேராவது எழுதியிருப்பார்கள். பத்தையும் படித்து ஒன்றாக்கினால் போதும்.

ஆகாயக் கப்பல்தான் சிக்கலாயிற்று. ஒரு வெளிநாட்டுக் கலாசார மையம் அனுப்பிவைத்த ஆவணப்படம். ஜெர்மனியில் ஓர் ஆகாயக் கப்பல் கிளம்புகிறது, கடலைத் தாண்டுகிறது, இறங்குகிறது. நாற்பத்திரண்டு நிமிடம். ஒலி கிடையாது. எடுத்தவர் யார் என்று மையத்தின் கடிதத்தில் இல்லை. லைப்ரரியின் கலைக்களஞ்சியத்தில் ஆகாயக் கப்பலுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். ஹைட்ரஜன், அலுமினியச் சட்டம், மணிக்கு எழுபது மைல். இதையெல்லாம் எவ்வளவு இழுத்தும் தாளின் முன்பக்கமும் பின்பக்கத்தில் கால்வாசியும்தான் நிறைந்தன. முக்கால் பக்கம் மீதி.

வெள்ளையாக விட முடியாது. முன்பு ஒரு முறை அரைப் பக்கம் விட்டதற்குப் பொதுக்குழுவில் கேள்வி எழுந்திருந்தது.

சுந்தரராமன் யோசித்தார். படத்தை எடுத்தவர் ஹூகோ பிரெல் என்று எழுதினார். பிரெல் என்பது வீட்டிலிருந்த ஹோமியோ மருந்துச் சீசாவின் லேபிளில் கண்ட பெயர். ஹூகோ அதற்குப் பொருந்தியது. பறக்கும் கப்பலின் அடிவயிற்றிலிருந்து ஒரு பிரம்புக் கூடையைக் கயிற்றில் இறக்கி, அதில் உட்கார்ந்து பிரெல் படம் எடுத்தார் என்று எழுதினார். கைப்பிடியைச் சுற்றி ஓட்டும் காமிரா. விரல் விறைக்காமலிருக்கச் சட்டைக்குள் ஒரு வெந்நீர்ப் பை. பதினைந்து வரி ஆயிற்று. ஒரு முறை கூடை மேகத்துக்குள் போய் இருபது நிமிடம் கண்ணில் படாமல் இருந்தது என்று எழுதினார். கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் பிரார்த்தனை செய்தார்கள். முப்பது வரி. கடைசியில் இரண்டு வரிக்குத்தான் இடம் இருந்தது. கூடையில் பட்ட குளிரால் நிமோனியா கண்டு 1929இல் பிரெல் இறந்தார் என்று முடித்தார். பக்கம் நிறைந்துவிட்டது. அதற்கு மேல் பிரெல்லுக்கு ஆயுள் இல்லை.

காட்சி ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. சொசைட்டியின் திரை ஒரு இரட்டைக் கட்டில் விரிப்பு. படம் விரிப்பைவிட அகலம். ஓரங்கள் பச்சைச் சுவரில் விழுந்து காணாமல் போகும். இதுவும் பழகியிருந்தது.

திரையில் இருநூறு பேர் கயிறுகளைப் பிடித்து இழுத்தார்கள். கப்பல் கொட்டகையை விட்டு வெளியே வந்தது. வந்துகொண்டே இருந்தது. அதன் நிழல் வயல்களின்மேல் போனது. மாடுகள் சிதறி ஓடின. உள்ளே வெள்ளைத் துணி விரித்த மேஜை. ஒரு பெண் டீ ஊற்றினாள். சிந்தவில்லை என்பதைக் காட்டுவதற்காகக் காமிரா கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு மேகம். நிறைய மேகம். உறுப்பினர்களில் சிலர் கண்ணயர்ந்தார்கள். சுந்தரராமனும் கிட்டத்தட்ட.

முப்பதாவது நிமிடத்தில் கப்பலின் வயிறு திரை முழுக்க வந்தது. கீழேயிருந்து எடுத்த காட்சி. சற்று ஆடியது. மெல்ல நகர்ந்து போயிற்று.

படம் முடிந்தால் சர்ச்சை, அதாவது கலந்துரையாடல், உண்டு. அது இல்லாமல் ஊரில் யாரும் படம் போட்டதில்லை. அன்று முதலில் எழுந்தது திரவியம். சாலை பஜாரில் இரும்புச் சாமான் மொத்தக் கடை வைத்திருப்பவர். களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்காரர். எந்தப் படத்தையும் விடமாட்டார், ஆணியை எண்ணுவதுபோல் பார்ப்பார்.

"சாமி, ஒரு சம்சயம். எல்லாவனும் கப்பலுக்குள்ள இருக்கான். அப்பம் வெளிய நின்னு கப்பல எடுத்தது ஆரு?"

சுந்தரராமன் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசைக்காரர் ஒருவர் தாளைத் தூக்கிக் காட்டினார். பின்பக்கம், இரண்டாவது பத்தி. நாற்பது தாள்கள் ஒரே நேரத்தில் திரும்பும் சத்தம் கேட்டது. படித்து முடித்தவர்கள் தலையைத் தூக்கிச் சுந்தரராமனைப் பார்த்தார்கள். பார்க்காத படத்தில் இருப்பதை முன்கூட்டியே எழுதிய மனிதரைப் பார்க்கும் பார்வை அது.

திரவியம் உட்கார்ந்துவிட்டார். "கூடையா. அதான பாத்தேன்" என்றார்.

அன்று மறுத்திருக்கலாம். மறுப்பதற்கு ஏற்ற இடம் ஒன்று பேச்சினூடே வரும் என்று சுந்தரராமன் காத்திருந்தார். வரவில்லை. பிறகு பிரெல் தன் வழியில் போனார். சொசைட்டியின் ஆண்டு மலரில் மலையாளத்துக்குப் பெயர்ந்தார். ஒரு வாரப் பத்திரிகையில் சினிமாவின் தியாகிகள் என்ற கட்டுரையில் மூன்றாவதாக வந்தார். கூடையைப் பற்றி ஓர் இளம் கவிஞர் கவிதை எழுதினார். அதில் சுந்தரராமனுக்குப் பிடித்த வரிகூட ஒன்று இருந்தது.

அலுவலகத்தில் அவர் வேறு ஆள். ஓர் இன்ஜினியர் ஒரே காலையில் கல்லாற்றிலும் போனக்காட்டிலும் இருந்ததாகப் பயண டைரி சொன்னால், இடையிலிருக்கும் மலையை என்ன செய்தார் என்று ஓரத்தில் எழுதிக் கேட்பார். இரண்டு காகிதத்தில் இரண்டு தேதி இருந்தால் அவரைத் தாண்டிப் போகாது. முப்பத்தோரு வருடத்தில் போனதில்லை.

2001 பிப்ரவரியில் ராஜஸ்ரீ வீட்டுக்கு வந்தாள். கரமனை அக்ரகாரத்துப் பெண். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொசைட்டிக்கு வந்தவள், இப்போது ஊமைப்படக் கால ஆவணப்படங்களில் ஆராய்ச்சி முடித்திருந்தாள். கையில் கறுப்பு அட்டை போட்ட தடித்த புத்தகம். ஐந்து பிரதி பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தாயிற்று, இது ஆறாவது, மாமாவுக்கு என்றாள். அடுத்த வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு. கொச்சியில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். மார்ச் முப்பத்தொன்றுக்குள் பட்டம் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆள். வயது வரம்பும் அவளுக்கு இந்த வருடத்தோடு முடிந்தது. இன்னொரு முறை விண்ணப்பிக்க முடியாது.

அவள் போன பிறகு சுந்தரராமன் புத்தகத்தைப் பிரித்தார். நன்றியுரையில் தன் பெயர் இருந்தது. சந்தோஷமாகப் படித்தார். நான்காவது அத்தியாயத்துக்கு வந்தார். எழுபது பக்கம். ஹூகோ பிரெல்: கூடையிலிருந்து பார்த்த கண்.

சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். சுப்புலக்ஷ்மி என்ன என்று கேட்டாள். இருபத்தெட்டு வருடம் குடித்தனம் செய்தவள். முகத்தைப் பார்த்தால் தெரியும். அவர் சொல்லிவிட்டார். முக்கால் பக்கம், சீசா, கூடை, எல்லாம்.

"அந்தப் பொண்ணு ஆறு வருஷமா உசிரை விட்டு எழுதியிருக்கா" என்றாள் சுப்புலக்ஷ்மி. "செத்துப்போன ஒருத்தனைப் பத்தி நீங்க இப்படிப் பொய்..."

"செத்துப்போகலை. பொறக்கவே இல்லை."

"அது இன்னும் மோசமாக்கும்." அவள் கத்தரிக்காயை நறுக்கத் தொடங்கினாள். "ஆபீஸ்ல ஒரு கமா விட்டுப்போனா ஃபைலைத் திருப்பி அனுப்பற மனுஷன். போய்ச் சொல்லுங்கோ. இன்னிக்கே."

இரண்டு நாள் கழித்துப் போனார். பஸ்ஸில் நின்றுகொண்டே சொல்லவேண்டியதை மனதுக்குள் வரிசைப்படுத்தினார். முதல் வாக்கியம் நன்றாக வந்தது. இரண்டாவது வரவில்லை. கரமனை நிறுத்தம் வந்துவிட்டது.

ராஜஸ்ரீயின் கணவன் மஹேஷ் வேலைக்குப் போயிருந்தான். அவள் காபி கொடுத்தாள். சுந்தரராமன் காபியைத் தொடாமல் சொன்னார். அவள் அழவில்லை. கேட்டு முடித்தாள். எழுந்து உள்ளே போய் ஒரு காகிதத்தோடு வந்தாள். ஜெர்மனியில் ஒரு படக் காப்பகம் போன வருடம் அனுப்பிய மின்னஞ்சலின் அச்சு. அவர்களுடைய பட்டியலில் இந்தப் படத்துக்கு எதிரே இப்போது ஒளிப்பதிவாளர் பெயர் இருந்தது. ஹூகோ பிரெல், மறைவு 1929.

சுந்தரராமன் ஒரு கணம் எழுந்தே நின்றுவிட்டார். உண்மையிலேயே ஒருவர் இருந்திருக்கிறாரா என்று கேட்டார்.

ராஜஸ்ரீ காகிதத்தின் அடிப்பகுதியைக் காட்டினாள். ஆதாரம் என்ற இடத்தில் அவளுடைய கட்டுரை இருந்தது. இரண்டு வருடம் முன்னால் எழுதி அவர்களுக்கு அனுப்பியது. அந்தக் கட்டுரையின் ஆதாரம் சுந்தரராமனின் தாள்.

"அவாளுக்கு நான் சொன்னேன். எனக்கு நீங்க சொன்னேள். என் தீஸிஸ்ல அவாளை ஆதாரமாக் காட்டியிருக்கேன்" என்றாள். "ரவுண்டு முடிஞ்சாச்சு மாமா."

கடிதம் எழுதித் துறைக்குக் கொடுத்துவிடுகிறேன், தப்பு முழுக்க என்னுடையது என்று எழுதுகிறேன் என்றார் அவர். கொடுத்தால் தேர்வைத் தள்ளிவைப்பார்கள் என்றாள் அவள். அத்தியாயத்தை எடுத்துவிட்டுத் திருப்பி எழுதச் சொல்வார்கள். அதற்குக் குறைந்தது ஆறு மாதம். கொச்சி வேலை மார்ச்சோடு சரி. சொல்லிக்கொண்டே அவள் காபியை எடுத்து அவர் கையில் வைத்தாள். ஆறியிருந்தது.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"உன் மாமிக்கு."

"மாமி சொல்லமாட்டா. நீங்க வியாழக்கிழமை வரணும். வராம இருந்தா ஏன்னு கேப்பா எல்லாரும். வந்து உக்காருங்கோ. ஆனா ஒரு வார்த்தை பேசப்டாது. ஒரு வார்த்தை."

அவர் சத்தியம் செய்துகொடுத்தார். நாற்பது வருடத்தில் முதல் சத்தியம். திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மனது லேசாக இருந்தது. உண்மையைச் சொன்னால் இப்படித்தான் இருக்கும்போலும் என்று எண்ணிக்கொண்டார்.

வியாழக்கிழமை பத்தரைக்குத் துறையின் கருத்தரங்க அறை நிறைந்துவிட்டது. இங்கே வாய்மொழித் தேர்வு திறந்த அவையில் நடக்கும். யாரும் வரலாம், யாரும் கேட்கலாம். திரவியம் வெள்ளை முழுக்கைச் சட்டையில் வந்து சுந்தரராமனின் பக்கத்தில் உட்கார்ந்தார். நம்ம சொசைட்டிப் பிள்ளை, கடையை அடைத்துவிட்டே வந்தேன் என்றார்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஆறுமுகசாமி. சென்னையில் சினிமாப் பேராசிரியர். பருத்த உடம்பு, மெல்லிய குரல். ஐரோப்பாவில் நிறைய விழாக்களுக்குப் போனவர் என்று துறைத்தலைவி அறிமுகம் செய்தார். அவர் அதை மறுக்காமல் தலையசைத்தார்.

ராஜஸ்ரீ நன்றாகப் பேசினாள். குரல் நடுங்கவில்லை. ஓரிடத்தில் விளக்கை அணைத்து வீடியோவில் ஐந்து நிமிடம் படத்தைக் காட்டினாள். பெரிய டி.வி. கயிறு, நிழல், மாடுகள், டீ. பிறகு கப்பலின் வயிறு.

சுந்தரராமன் முன்னால் சாய்ந்தார். இங்கே படத்தின் ஓரங்களை எந்தச் சுவரும் விழுங்கவில்லை. இடது கீழ் மூலையில் ஏதோ ஆடியது.

"சாமி" என்றார் திரவியம் காதருகே. "அந்தால பாத்தியளா? மரக்கொப்பு."

"பட்சியா இருக்கும்."

"எல கெடக்கு சாமி. நல்லா பாருங்கோ."

இலை இருந்தது. காற்றில் ஆடியது. கப்பல் இறங்கும் சமயம் யாரோ தரையில், ஒரு மரத்தடியில் நின்று எடுத்திருந்தார்கள். யாராலும் எடுக்க முடியும். சுந்தரராமனாலும் முடியும்.

விளக்கு வந்ததும் திரவியம் கையைத் தூக்கினார். தேர்வாளர் முடித்த பிறகு உங்களுக்கு வாய்ப்பு என்றார் துறைத்தலைவி மலையாளத்தில். திரவியம் கையைக் கீழே போடவில்லை, பாதியில் நிறுத்தி வைத்துக்கொண்டார். மேடையில் ராஜஸ்ரீ அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு சுந்தரராமனைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று திரவியத்தின் தொடையைத் தொட்டார். வெயிலுக்கு வியர்க்கிறதா என்று கேட்டார் திரவியம்.

ஆறுமுகசாமி பேசினார். ஆங்கிலத்தில், நிதானமாக. ஆய்வு பாராட்டுக்குரியது. குறிப்பாக நான்காவது அத்தியாயம். பிரெல்லைப் பற்றி இந்த நாட்டில் எழுதியிருப்பது இவர் ஒருவர்தான். ஆனால் ஒரு குறை. பிரெல்லின் பிற்காலப் படங்களை ஆய்வாளர் பார்க்கவில்லை என்று தெரிகிறது. வடதுருவத்தின் பக்கம் போன ஆகாயக் கப்பலை வைத்து 1931இல் பிரெல் எடுத்த படத்தைத் தான் ஓர் ஐரோப்பிய விழாவில் பார்த்திருப்பதாகச் சொன்னார். பனிப்பாறைகளின் மேல் அந்தக் கப்பலின் நிழல். மறக்க முடியாதது. கூடைதான், சந்தேகமில்லை.

அறை மரியாதையாக முனகியது. ராஜஸ்ரீ குறித்துக்கொள்வதுபோல் பேனாவை எடுத்தாள். அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. தேர்வாளரே பார்த்திருக்கிறார். இனி யார் கேட்பார்கள்?

சுந்தரராமன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். 1931. பிரெல் இறந்தது 1929. இரண்டு வருடம். செத்த மனிதன் இரண்டு வருடம் கழித்துத் துருவத்துக்குப் போய்ப் படம் எடுக்க முடியாது. சும்மா இரு என்று தனக்குச் சொன்னார். சத்தியம் நினைவிருந்தது. அவளுடைய வேலை நினைவிருந்தது. பிரெல்லே இல்லை என்பதும் நினைவிருந்தது. எல்லாம் நினைவிருக்க, எழுந்து நின்றுவிட்டார்.

பேராசிரியர் சொன்ன வருடத்தில் பிழை இருக்கிறது என்றார். பிரெல் 1929இல் காலமாகிவிட்டார்.

அறை திரும்பிப் பார்த்தது. ராஜஸ்ரீயின் பேனா நின்றது.

ஆறுமுகசாமி புன்னகை செய்தார். தன் கண்ணால் பார்த்த படம் அது என்றார். கண்ணால் பார்த்தது சான்று ஆகாது என்றார் சுந்தரராமன். காகிதம் வேண்டும். தன்னிடம் இருக்கிறது. குறிப்பின் இரண்டாவது பக்கம், கடைசி இரண்டு வரி. ஆறுமுகசாமியின் புன்னகை போய்விட்டது. படத்தின் முகப்பில் பெயர் வந்தது என்றார். எந்த மொழியில் வந்தது, எத்தனையாவது பெயர் என்று கேட்டார் சுந்தரராமன். ஆறுமுகசாமி தண்ணீர் குடித்தார். பதினைந்து நிமிடம் இப்படிப் போயிற்று. இரண்டு பேருக்கும் குரல் ஏறியது. நிமோனியாவே இல்லை, இதயம் என்று தான் எங்கோ படித்ததாகக்கூட ஆறுமுகசாமி ஒரு கட்டத்தில் சொன்னார். சுந்தரராமன் அதற்கும் ஆதாரம் கேட்டார்.

துறைத்தலைவி கடிகாரத்தைப் பார்த்தார். ஆய்வேடு என்ன சொல்கிறது என்று ராஜஸ்ரீயைக் கேட்டார். அவள் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தைப் படித்தாள். 1929. ஜெர்மன் காப்பகத்தின் பட்டியலும் அதையே சொல்கிறது என்றாள். குரல் இப்போதுதான் நடுங்கியது.

இரண்டு காகிதம் ஒரு பக்கம், ஒரு நினைவு இன்னொரு பக்கம். ஆறுமுகசாமி சற்று யோசித்தார். ஒருவேளை குரு இறந்த பிறகு அவருடைய உதவியாளர் குருவின் பெயரிலேயே படத்தை முடித்திருக்கலாம் என்றார். ஐரோப்பாவில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது என்றார். அது சாத்தியம் என்று சுந்தரராமன் ஒப்புக்கொண்டு உட்கார்ந்தார். துறைத்தலைவிக்கு மூச்சு வந்தது. இதை ஓர் அடிக்குறிப்பாகச் சேர்த்தால் போதும் என்று தீர்மானித்தார்.

பிறகு கை தூக்கியிருந்தவரை நினைவு வைத்து அழைத்தார். திரவியம் எழுந்தார். ராஜஸ்ரீ கண்ணை மூடிக்கொண்டதைச் சுந்தரராமன் பார்த்தார். திரவியம் டி.வி.யைப் பார்த்தார், ஆறுமுகசாமியைப் பார்த்தார், பக்கத்தில் சட்டை முழுக்க நனைந்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல மேடம்" என்றார். "நம்ம சாமி சொன்னதாக்கும் செரி."

உட்கார்ந்ததும் சுந்தரராமனிடம் குனிந்தார். வெளியூர்க்காரன் முன்னால் நம்ம ஆளை விட்டுக்கொடுக்கக் கூடாது, மரக்கொப்பு விஷயத்தை நாம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்.

பன்னிரண்டு நாற்பதுக்கு முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். வராந்தாவில் டீயும் பருப்பு வடையும் வைத்திருந்தார்கள். ராஜஸ்ரீ லட்டு டப்பாவோடு ஒவ்வொருவராக வந்தாள். சுந்தரராமனிடம் வந்து நின்றாள்.

"ஒரு வார்த்தை பேசப்டாதுன்னேன்."

"தேதி தப்பா இருந்தது."

"தேதி மட்டுமா மாமா தப்பு?" என்றாள். கோபமா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் கையில் இரண்டு லட்டுகளை வைத்தாள். ஒன்று மாமிக்கு என்றாள். நகர்ந்து போனவள் திரும்பி வந்தாள். "கொஞ்ச நேரம் எனக்கே அவன் இருந்தான்னு தோணிடுத்து. நீங்க அப்படிச் சண்டை போட்டேள்."

சுந்தரராமன் லட்டுகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டிருந்தபோது ஆறுமுகசாமி வடையோடு வந்தார். பக்கத்தில் நின்று தோட்டத்தைப் பார்த்தார். கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. மற்றவர்கள் தள்ளி நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் தமிழில் பேசினார்.

"சார், அந்த இருபத்தொம்பது. நிச்சயம்தானா?"

"நீங்க பார்த்த படம் எந்த ஊர்ல பார்த்தேள்?"

"மியூனிக்." ஆறுமுகசாமி கொஞ்சம் மென்றார். "இல்ல, அதுக்குப் பக்கத்துல ஒரு ஊரு. வருஷம் ஆச்சுல்ல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நீண்ட பார்வை இல்லை. பயணக்கட்டணப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே அதை எழுதியவன் முகத்தையும் பார்த்துவிடும் அளவுக்கு. பிறகு ஆறுமுகசாமி வடையின் எண்ணெயைக் காகிதத்தில் துடைத்தார். இந்த உதவியாளர் விஷயம் முக்கியமானது என்றார். இதுவரை யாரும் எழுதவில்லை. ஒரு கட்டுரைக்கு இடம் இருக்கிறது.

"அவரு பேரு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே."

சுந்தரராமனுக்கு ஒரு பெயர் வந்தது. நல்ல பெயர். வாய்வரை வந்தது. அதோடு அந்த ஆள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், கம்பளிக் குல்லாயும், குளிரில் சிவந்த மூக்கும்கூட வந்தன. தூரத்தில் ராஜஸ்ரீ யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு மாதம் கழித்துக் கொச்சியில் அறுபது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பாள்.

"தெரியாது" என்றார்.

சினிமா விஷயத்தில் அவர் அந்தச் சொல்லைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆறுமுகசாமி அவரைச் சற்று இரக்கத்தோடு பார்த்தார். பரவாயில்லை, தான் தேடிப் பார்ப்பதாகச் சொன்னார். கொஞ்சம் மெனக்கெட்டால் கிடைத்துவிடும் என்றார்.